பந்தி விசாரிப்பு

"அம்மா, லண்டன் வந்தவங்க எல்லாரும் பிக் பென் பாக்கணும், ராணி அரண்மனை பாக்கணும்பாங்க. நீங்க மட்டும் ஒரு பழைய டெலிபோனைப் பாக்கணுங்கிறீங்க" என்றான் மகன். சிரித்துக்கொண்டே சொன்னாலும், வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு கிளம்பினான்.

அவன் குடியிருப்பது ஈஸ்ட் ஹாமில். வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்தால் பாதி வழி நம் ஊர்தான். முருங்கைக்காய், மண்சட்டி, தோசை மாவு, தங்க நகைக்கடை எல்லாம் உண்டு. மகாலட்சுமி கோயிலும் அதே தெருவில் இருக்கிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி, வைட்சேப்பல், டவர் ஹில் எல்லாம் தாண்டி கேனன் ஸ்ட்ரீட்டில் இறங்கினோம். வெளியே வந்ததும் வேறு லண்டன். கண்ணாடிக் கட்டடங்கள், காகிதக் கோப்பையில் காப்பியோடு ஓட்டமும் நடையுமாகப் போகிற கோட்டுக்காரர்கள். நின்று வழி கேட்கவே கூச்சமாக இருந்தது.

நாங்கள் தேடிப்போனது வால்புரூக் என்ற சிறிய தெரு. வால்புரூக் என்பது ஓர் ஓடையின் பெயர். அந்த ஓடை இப்போது தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. தெருவின் ஒரு பக்கம், ரோமானியர்கள் மித்ராஸ் என்ற தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் அடித்தளம் 1954-ல் தோண்டி எடுக்கப்பட்டது. இப்போது அது ப்ளூம்பெர்க் நிறுவனக் கட்டடத்தின் அடியில் காட்சிக்கு இருக்கிறது. மறுபக்கம், லண்டன் 'சிட்டி' பகுதியின் லார்ட் மேயர் மாளிகையான மேன்ஷன் ஹவுஸை ஒட்டி, இருப்பதே தெரியாமல் நிற்கிறது செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் ஆலயம்.

அங்கே நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் பள்ளி ஆசிரியை. அதோடு எங்கள் திருச்சபைச் சேகரத்தில் இருபது வருடம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு எங்கள் ஐயர் (சபைக் குருவானவரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வீட்டுக்கு வந்தார். "டீச்சர், பிள்ளைங்க, குடும்பங்க எல்லாத்துலயும் ரொம்பப் பிரச்சினையா இருக்கு. ஆலோசனை ஊழியம் ஒண்ணு ஆரம்பிக்கணும்னு கமிட்டியில தீர்மானம் போட்டிருக்கோம். நீங்கதான் பொறுப்பு எடுக்கணும்" என்றார். "ஜெபம் பண்ணிச் சொல்லுதேன் ஐயர்வாள்" என்றேன். எங்கள் பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். பெரும்பாலும் 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம் அது.

மறுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் ஆசிரியர்களுக்கு நடந்த மனநலப் பயிற்சி ஒன்றில், லண்டனில் ஒரு குருவானவர் ஆலயத்துக்குள் ஒரு தொலைபேசியை வைத்துத் தொடங்கிய வேலை உலகம் முழுக்கப் பரவியது என்று கேட்டிருந்தேன். லண்டனுக்குப் பயணச்சீட்டு வந்ததும் அந்த நினைவும் கூடவே வந்துவிட்டது.

நகரத்துக்குள் இருக்கும் இந்தப் பழைய ஆலயங்கள் வார நாட்களில் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டு. அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம், குடியிருப்பவர்கள் சொற்பம். ஞாயிறன்று ஆளில்லாத ஆலயம் என்பதே எனக்கு விசித்திரமாகப் பட்டது.

படியேறி உள்ளே போனதும் தலை தானாக நிமிர்ந்தது. மேலே வெள்ளை வெளேரென்று ஒரு குவிமாடம். 1666 பெருந்தீயில் பழைய ஆலயம் எரிந்துபோக, கிறிஸ்டோஃபர் ரென் 1672-ல் தொடங்கிக் கட்டியது. புனித பவுல் பேராலயத்தின் பெரிய குவிமாடத்துக்கு முன்பே அவர் இங்கே கட்டிப் பார்த்துவிட்டார். அதற்கு நேர் கீழே, ஆலயத்தின் நட்டநடுவில், வட்டமாக ஒரு பெரிய வெள்ளைக் கல். சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய பீடம் அது. லண்டன்காரர்கள் அதைப் பாலாடைக்கட்டி என்று கேலி செய்வார்களாம். எனக்கு எங்கள் அம்மா வீட்டு ஆட்டுக்கல் ஞாபகம் வந்தது. கிழக்கே இருக்க வேண்டிய பீடம் நடுவில் வரலாமா, இதைப் பீடம் என்றே சொல்லலாமா என்று வழக்கு நடந்து, 1987-ல் திருச்சபையின் மேல் நீதிமன்றம்தான் அனுமதி கொடுத்திருக்கிறது.

பீடத்தைச் சுற்றி வட்டமாகப் பெஞ்சுகள். ஒன்றில் உட்கார்ந்தேன். எதிரே இருந்தவரின் முகம் தெரிந்தது. நம் ஆலயங்களில் நமக்குத் தெரிவது முன்னால் இருப்பவர்களின் முதுகுதான். அறுபது வருடமாக நான் முதுகுகளைப் பார்த்துத்தான் ஆராதித்து வந்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது.

தொலைபேசியைக் கண்டுபிடித்தது மகன்தான். கண்ணாடிப் பெட்டிக்குள், நம் ஊர் தபால் நிலையங்களில் முன்பு இருந்ததைப் போன்ற கனத்த கறுப்புத் தொலைபேசி. பக்கத்தில் ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். இந்தியாவிலிருந்து இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றதும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மகன் இடையிடையே உச்சரிப்பை விளக்க, அவர் சொன்னதும் நான் முன்பு படித்திருந்ததும் ஒன்றாகச் சேர்ந்தன.

அந்தத் தொலைபேசியை வைத்த குருவானவர் சாட் வாரா. 1911-ல் பிறந்தவர், தகப்பனாரும் குருவானவர். 1935-ல் லிங்கன் நகரில் உதவிக் குருவாகச் சேர்ந்தார். அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டிருந்தாள். வயதுக்கு வந்ததை ஏதோ வெட்கக்கேடான நோய் என்று நினைத்திருக்கிறாள். கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அந்தக் கல்லறை ஓரத்தில்தான், பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பேன் என்று வாரா தனக்குள் உறுதி எடுத்துக்கொண்டார்.

கன்வென்ஷன் கூட்டங்களில் நான் எத்தனையோ சாட்சிகள் கேட்டிருக்கிறேன். "இன்ன தேதி, இரவு இத்தனை மணிக்கு ஆண்டவர் என்னை அழைத்தார்" என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லையே என்ற தாழ்வு உணர்ச்சி எப்போதும் உண்டு. வாராவின் கதையில் அந்தச் சவ அடக்கத்துக்கும் இந்தத் தொலைபேசிக்கும் இடையே பதினெட்டு வருடம். நடுவில் அவர் வாலிபர்களுக்கு உடல் பற்றியும் திருமணம் பற்றியும் பேசினார். அதற்காகத் திட்டும் வாங்கினார். சம்பளம் போதாமல் 'ஈகிள்' என்ற சிறுவர் படக்கதை இதழுக்கு எழுதினார். லண்டனில் தினமும் மூன்று பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று படித்தபோது, தீப்பிடித்தால் கூப்பிட 999 என்ற எண் இருக்கிறதே, மனம் பற்றி எரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி அவருக்குள் விழுந்தது. ஆனால் அப்போது அவர் இருந்த சபையில் வேலையே தலைக்கு மேல்.

அந்த நேரத்தில் வந்ததுதான் இந்த ஆலயம். இதற்குக் குருவை நியமிக்கும் உரிமை லண்டன் மளிகை வணிகர்களின் பழைய சங்கத்துக்கு இருந்தது. குடியிருப்பவர்களே இல்லாத சபை, ஆகையால் வீடு சந்திப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இல்லை. வேறு யாராவது இதைத் தண்டனை இடமாற்றம் என்று நினைத்திருப்பார்கள். வாரா இங்கே ஓய்வு நேரத்தைக் கண்டார். தன் யோசனையைச் சங்கத்தாரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

எளிதில் ஞாபகம் இருக்கும் ஓர் எண் வேண்டும், மேன்ஷன் ஹவுஸ் 9000 கிடைத்தால் நல்லது என்று நினைத்துத் தொலைபேசித் துறைக்குப் பேசினாராம். இப்போது உங்கள் எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கருவியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால் அதே எண்! இது அவரே சொல்லிவந்த கதை. 1953 நவம்பர் 2-ல் முதல் அழைப்பு வந்தது. அப்போது இங்கிலாந்தில் தற்கொலைக்கு முயல்வது குற்றம். 1961-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. நம் நாட்டில் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரை மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று சொன்னது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டம் வந்தபோதுதான் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு போனது. 'போலீஸ் வந்துவிடும்' என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்ட எத்தனை குடும்பங்களை நான் அறிவேன்!

இதுவரை எல்லாம் நான் எதிர்பார்த்த கதைதான். அடுத்து அந்தப் பெரியவர் சொன்னது தேநீர் கதை.

செய்தித்தாள்களில் விஷயம் வந்ததும் வாராவைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூடவே, "நாங்களும் உதவுகிறோம்" என்று சாதாரண மக்களும் வந்தார்கள். இவர்களை வைத்து என்ன செய்வது என்று வாராவுக்குத் தெரியவில்லை. காத்திருப்பவர்களோடு உட்காருங்கள், தேநீர் போட்டுக்கொடுங்கள் என்று சொல்லிவைத்தார். சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, "இனி குருவானவரைப் பார்க்க வேண்டாம்" என்று எழுந்து போய்விடுகிறார்கள். படித்த ஆலோசகர் உள்ளே இருக்க, வேலை வெளித் திண்ணையிலேயே முடிந்துகொண்டிருந்தது. 1954 பிப்ரவரியில் வாரா அந்தத் தொண்டர்களை அழைத்து, இனி தொலைபேசியை நீங்களே எடுங்கள் என்று ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அதற்கு ஏராளமான கிளைகள். அதே வழியில் நடப்பவைதான் இலங்கையில் 1974-ல் தொடங்கிய சுமித்ரயோவும், 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகாவும்.

"அவர்கள் தொலைபேசியில் ஜெபிப்பார்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார் பெரியவர். தொண்டர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம். ஆனால் அழைப்பவரிடம் தன் மதத்தைப் போதிக்கக் கூடாது. ஆரம்பத்திலிருந்தே வாரா வைத்த கட்டுப்பாடு அது.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு குருவானவர், ஆலயத்துக்குள் இருந்துகொண்டு, வசனம் சொல்லாதே என்றா சொல்வார்? அப்படியானால் அது ஊழியமா? மகனிடம் தமிழில் முணுமுணுத்தேன். அவன், "யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் வாயைத் திறக்காம தரையில உக்காந்திருந்தாங்கன்னு நீங்கதானம்மா எங்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில சொல்லிக்கொடுத்தீங்க. வாயைத் திறந்த பிறகுதான எல்லாம் கெட்டுச்சு?" என்றான். பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்தது நம்மிடமே திரும்பி வரும்போது பதில் சொல்ல முடிவதில்லை.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஓய்வுநாள் பள்ளி முடிந்து எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் பாயைச் சுருட்டுவதுபோல நின்றாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர், வீட்டுக்குப் போகப் பிடிக்கல" என்றாள். நான் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். மூன்று வசனங்களைக் குறித்துக் கொடுத்தேன். பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நல்ல ஊழியம் செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. பதினைந்து வருடம் கழித்து ஒரு கலியாண வீட்டில் பார்த்தேன். நர்ஸாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்: "டீச்சர், அன்னைக்கு நான் ஒரு விஷயம் சொல்லத்தான் நின்னேன். நீங்க ஜெபம் பண்ணி அனுப்பிட்டீங்க." அது என்ன விஷயம் என்று கேட்க எனக்கு அப்போதும் தைரியம் வரவில்லை.

அந்தக் கையின் சூடு மறந்தபாடில்லை. அதை நினைத்துத்தான் ஐயருக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று நம்பியிருந்தேன். வட்டப் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புரிந்தது, அவளுக்கு நான் கொடுத்தது முழுக்க முழுக்க ஆலோசனைதான். ஒரு கேள்விகூட இல்லை. "ஏன் பிடிக்கல?" என்ற இரண்டே வார்த்தைக்குப் பஞ்சம் வந்துவிட்டது.

புறப்படும்போது வாசலில் ஆலயத்தின் பெயர் மறுபடி கண்ணில் பட்டது. ஸ்டீஃபன், நம் வேதாகமத்தில் ஸ்தேவான். அவரை நாம் முதல் இரத்தசாட்சியாகவே நினைவுகூர்கிறோம். ஆனால் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் அவர் தெரிந்தெடுக்கப்பட்டது எதற்கு? விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச்சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் பிரசங்கத்தைப் பார்த்துக்கொள்ள, பந்தி விசாரிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அதில் முதல் பெயர் ஸ்தேவான். பந்தி விசாரித்தவர் பெயரிலுள்ள ஆலயத்தில்தான் அந்தத் தேநீர் ஊற்றப்பட்டிருக்கிறது.

பந்தி விசாரிப்பு என்றால் என்ன என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஸ்தோத்திரப் பண்டிகை அசன விருந்தில் ஆயிரம் பேர் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வாளி தூக்குகிறவர்கள் வேகமாகப் போய்விடுவார்கள். அவர்கள் பின்னால் பெரியவர் ஒருவர் மெதுவாக நடப்பார். அவர் கையில் வாளி இருக்காது. "ஏல, அந்தக் கடைசிப் பாட்டிக்குக் கறி வந்துச்சா? யாருக்குலே ரசம்?" என்று இலையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே போவார். எதையும் பரிமாறாத அந்த மனிதர் இல்லாவிட்டால் நூறு பேர் அரை வயிற்றோடு எழுந்திருப்பார்கள். நம்மைக் காக்கிற தேவனையும் நம் வேதாகமம் 'விசாரிக்கிறவர்' என்றுதான் சொல்கிறது. ஆலோசனை ஊழியம் என்ற பெயரிலேயே நாங்கள் தவறான முனையில் தொடங்கியிருக்கிறோம் என்று பட்டது.

வாராவைப் புனிதராக்கவும் எனக்கு விருப்பமில்லை. பிடிவாதக்காரர். முதுமையில் தான் தொடங்கிய அமைப்பு வழி மாறிவிட்டது என்று சொல்லி அதோடு மனம் கசந்தார். 2007-ல், தொண்ணூற்றாறாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு இறந்தார். ஓர் ஊழியத்தைத் தொடங்குவதைவிட அதைப் பிறர் கையில் விட்டுக்கொடுப்பது கடினம் என்பதையும் அவர் வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் ஐயரைப் பார்க்கப் போனேன். "ஜெபம் பண்ணிட்டீங்களா டீச்சர்?" என்றார் புன்னகையோடு. பொறுப்பை எடுக்கிறேன், ஆனால் மூன்று நிபந்தனை என்றேன். முதலாவது, பெயர்ப் பலகையில் ஆலோசனை என்று எழுதக் கூடாது. விசாரிப்பு என்று எழுத வேண்டும். இரண்டாவது, வருகிறவர்கள் சொல்வது எக்காரணம் கொண்டும் ஜெபக்குறிப்பாக வெளியே போகக் கூடாது. ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னார் வீட்டுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்ற ஒரு வரியில் எத்தனை வீட்டு மானம் சந்திக்கு வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரியும். மூன்றாவது, முறையாகப் படிக்காமல் உட்கார மாட்டோம்.

அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் ஒருவர் நான்கு சனிக்கிழமை வந்து எங்கள் ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். அது தவறு, கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, கேட்டால்தான் பலருக்கு மூச்சே வரும் என்றார். எது எங்கள் கையை மீறியது, எந்த நிலையில் உடனே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்பதையும் சொன்னார். ஜெபத்தை நாங்கள் விட்டுவிடவில்லை. வந்தவர் கேட்டால் ஜெபிக்கிறோம், பேசி முடித்த பிறகு. திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சபையில் ஒரு பெரியவரை ஒரு வருடத்துக்குத் துணை வைத்திருக்கிறோம். அவர் புத்திமதி சொல்லக் கூடாது; வாரம் ஒருமுறை விசாரிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கிறது. வாய் தானாகவே பிரசங்கத்துக்குப் போய்விடுகிறது.

முதல் மூன்று சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. நானும் இன்னொரு அக்காவும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு பிளாஸ்க் தேநீருமாக உட்கார்ந்திருந்தோம். நான்காவது வாரம், ஆலயத்தைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு வந்து, "எனக்கும் ஒரு வாய் தேத்தண்ணி கிடைக்குமா டீச்சர்?" என்றார். பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எத்தனை வருடமாக அவர் பெருக்கிய தரையில் நாங்கள் முழங்காலிட்டிருக்கிறோம்!

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சபையிலோ தெருவிலோ, ஆராதனை முடிந்தும் வகுப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளை இருக்கும். வசனத்தைப் பிறகு சொல்லலாம். முதலில் "ஏன்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். உங்களுக்கே மனம் தாங்காத நேரம் வந்தால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.